பவர் இருக்கு மச்சான், பிடிப்பு எங்க?

உங்க கேங்லயும் அப்படி ஒருத்தன் இருப்பான். செமஸ்டர் ஃபீஸ் கட்ட காசு இருக்காது, ஆனா வண்டிக்கு புது சைலென்சர் போட்டிருப்பான். "இப்ப வண்டி எப்படி சீறுது பாரு"ன்னு பார்க்கிங்ல நின்னு ரெய்ஸ் பண்ணுவான். அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அந்த பவர் எல்லாம் ரோட்டுக்கு எப்படிடா போகுது?" முழிப்பான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி நானும் அப்படித்தான் முழிச்சேன்.

எங்க பெரியப்பா வீடு வேடந்தாங்கல். அங்க அவரோட பழைய அம்பாசடர் ஒண்ணு நிக்குது, இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் வெச்சது. அதே இன்ஜின் குடும்பம்தான் கான்டெசாவுலயும் வந்தது. அமெரிக்கக்காரனுக்கு மஸ்டாங், நமக்கு கான்டெசா, அது கிடைக்காதவனுக்கு அம்பாசடர். யூட்யூப்ல டிராக் ரேஸ் பார்த்துப் பார்த்து ஊறிப்போன நான், இன்டர்ன்ஷிப் காசு 38,000 ரூபாயை கார்புரேட்டர், எக்ஸாஸ்ட்னு இன்ஜின் மேலயே கொட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, படாளத்துல இருந்து வேடந்தாங்கல் போற ரோடு. யாரும் இல்லைன்னு நினைச்சு, ஆர்பிஎம் ஏத்தி கிளட்சை டக்குனு விட்டேன். கார் பாயல. பின்பக்கம் முழுசா 'தடதடதட'ன்னு குதிச்சது. அடுத்த நொடி 'டங்'. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டோட பின்பக்க ஜாயிண்ட் உடைஞ்சு, ஷாஃப்ட் ரோட்ல இழுபட்டுக்கிட்டே வந்தது. வண்டியை ஓரங்கட்டி நிமிர்ந்து பார்த்தா, பத்தடி தள்ளி சைக்கிள்ல பால் கேனோட ஒரு பையன் நிக்கிறான். அவன் முகத்தை நான் இன்னும் மறக்கல. இந்தக் கட்டுரை எழுதுறதுக்கு அவன்தான் காரணம்.

என்ன நடந்ததுன்னு அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். நமக்கெல்லாம் தெரிஞ்ச ஃபார்முலாதான். டயர் எவ்வளவு தள்ள முடியும்? உராய்வு எண்ணை டயர் மேல இருக்கிற எடையால பெருக்கினா எவ்வளவோ, அவ்வளவுதான். இன்ஜின் அதுக்கு மேல குடுக்கிறது எல்லாம் புகையாவும் சத்தமாவும் போயிடும்.

கணக்கு போடுவோம். ஆளோட சேர்த்து கார் 1,250 கிலோ, அதுல 45 சதவீதம் பின்சக்கரங்கள் மேல, உராய்வு எண் 0.8, ஈர்ப்பு மையம் தரையில இருந்து 55 சென்டிமீட்டர்னு வெச்சுக்குங்க. அம்பாசடரோட வீல்பேஸ் 2,464 மில்லிமீட்டர். கிளம்பும்போது முன்னாடி இருந்து பின்னாடி மாறுற எடை கிட்டத்தட்ட 120 கிலோ. நிக்கும்போது 560 கிலோ இருந்த பின்பக்கம் 680 கிலோவைத் தாண்டுது. ஓசியிலேயே ரெண்டு பேர் டிக்கியில ஏறி உட்கார்ந்த மாதிரி. டிராக் ரேஸுக்கு பின்சக்கர வண்டியை விரும்புறதுக்கு இதுதான் காரணம்.

இங்க ஒரு பொதுவான தப்பு நடக்குது. பின்பக்கம் நல்லா 'உட்கார்ந்தா' பிடிப்பு அதிகமாகும்னு நிறைய பேர் நம்புறாங்க. மாறுற எடையைத் தீர்மானிக்கிறது வேகமாற்றமும், ஈர்ப்பு மைய உயரமும், வீல்பேஸும்தான். ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குதுங்கிறது அந்தக் கணக்குல பெருசா வரவே வராது. அப்போ சஸ்பென்ஷனுக்கு என்ன வேலை? அந்த எடை டயருக்கு எவ்வளவு சீக்கிரமா, எவ்வளவு சீரா போய்ச் சேருதுன்னு முடிவு பண்றது அதுதான்.

அம்பாசடர்ல பின் ஆக்ஸில் லீஃப் ஸ்பிரிங் மேல உட்கார்ந்திருக்கு. சக்கரம் முன்னாடி சுத்தும்போது ஆக்ஸில் ஹவுசிங் எதிர்த்திசையில திரும்பப் பார்க்கும். பினியன் மூக்கு மேல தூக்கும், லீஃப் ஸ்பிரிங் பாம்பு மாதிரி நெளியும். ஒரு கட்டத்துல டயர் வழுக்கும், சுமை குறையும், நெளிஞ்ச ஸ்பிரிங் படார்னு நிமிரும். உடனே டயர் மறுபடி பிடிக்கும், ஸ்பிரிங் மறுபடி நெளியும். நொடிக்குப் பல தடவை இது நடக்கும். நான் கேட்ட 'தடதட' அதுதான். பிடிச்சு பிடிச்சு விடுற அந்த அடி நேரா ஜாயிண்ட்லதான் விழும்.

அமெரிக்காவுல 1960கள்லயே இந்தப் பிரச்சனைக்கு வழி கண்டுபிடிச்சுட்டாங்க. கிரைஸ்லர் கம்பெனி டிராக் ரேஸுக்குன்னு 'சூப்பர் ஸ்டாக்' ஸ்பிரிங் கொண்டு வந்தது. ஆக்ஸிலுக்கு முன்னாடி இருக்கிற ஸ்பிரிங் பகுதி குட்டையா, விறைப்பா இருக்கும், அதனால நெளியாது. வலது பக்க ஸ்பிரிங்கும் இடது பக்க ஸ்பிரிங்கும் வேற வேற. ஏன்னா ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் முறுக்கும்போது வலது பின்சக்கரம் மேல தூக்கப் பார்க்கும். சாதாரண டிஃபரன்ஷியல்ல ஒரு சக்கரம் லேசானா போதும், அது மட்டும் சும்மா சுத்தும். ஆக்ஸில் திரும்பாம தடுக்க டிராக்ஷன் பார், முன்பக்கம் சட்டுனு எழும்புறதுக்கு லேசா விரியுற ஷாக் அப்சார்பர், பக்கவாட்டு மெல்லிசா இருக்கிற ஸ்லிக் டயர் எல்லாமே அந்த 402 மீட்டருக்காக யோசிச்சது. குதிரைத்திறன் ஏத்தினதை விட, இருந்ததை ரோட்டுல இறக்கத்தான் பாதி மூளை செலவாச்சு.

நம்ம ஏரியாவுக்கும் இதுல கதை இருக்கு. வண்டலூர்ல ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி கார் செஞ்சது எத்தனை பேருக்குத் தெரியும்? அவங்களோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டுல பின்சக்கரம் ஒவ்வொண்ணும் தனித்தனியா ஆடுற ஸ்விங் ஆக்ஸில். 1972-ல கெஸல்னு மாத்தி விட்டப்போ, அதுல இருந்தது நேரான ஒரே ஆக்ஸில். பின்சக்கரத்தை எப்படிப் பிடிச்சு வைக்கிறதுங்கிற விவாதம், நாம தினமும் காலேஜ் பஸ்ல தாண்டிப் போற ஊர்லயே நடந்திருக்கு.

சரி, என் வண்டி என்னாச்சு? மதுராந்தகத்துல ஒரு வயசான மெக்கானிக் அண்ணன். அடியில படுத்துப் பார்த்துட்டு, "இன்ஜினுக்கு இவ்ளோ செலவு பண்ணியே தம்பி, காலுக்கு செருப்பு இருக்கான்னு பார்த்தியா?"ன்னார். இடது ஸ்பிரிங்ல ரெண்டாவது பிளேட் விரிசல். புஷ் எல்லாம் செத்துப் போச்சு. யூ போல்ட் லூஸ்.

முதல்ல ஜாயிண்ட்டை மட்டும் மாத்தினேன். பக்கத்துல மூடிக்கிடக்கிற ஒரு ரைஸ் மில்லோட சிமெண்ட் களத்துல, ஓனர்கிட்ட கேட்டுட்டு, டயர்ல சாக்பீஸ் கோடு போட்டு போன்ல ஸ்லோ மோஷன் எடுத்தேன். 20 மீட்டருக்கு சக்கரம் பத்து சுத்து சுத்தணும், சுத்தினது பதிமூணு. அப்புறம் பிளேட், புஷ் மாத்தி, யூ போல்ட் இறுக்கி, டயர்ல காத்தைச் சரிபார்த்து மறுபடி ஓட்டினேன். பதினொண்ணு. குதிப்பு சுத்தமா போச்சு. செலவு 6,500 ரூபாய். 38,000 தராததை இது தந்தது. புதுசா எதையும் மாட்டல, இருக்க வேண்டியதை இருக்க வேண்டிய நிலைமைக்குக் கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

இதையே ஃபைனல் இயர் ப்ராஜெக்டா பண்றேன்னு கேட்டேன். "ஹார்டுவேர் எல்லாம் ரிஸ்க், சாஃப்ட்வேர்ல சிமுலேஷன் பண்ணிடு"ன்னு பதில் வந்தது. சிமுலேஷன் வேண்டாம்னு சொல்லல. ஆனா அதுல விரிசல் விட்ட பிளேட் தானா வராது. விரிசல் இருக்குன்னு நாமதான் சொல்லணும். அடியில படுத்துப் பார்க்காதவன் அதை எப்படிச் சொல்வான்? நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சு, ஒரு யூ போல்ட்டைக்கூட இறுக்காம டிகிரி வாங்கிட்டுப் போறோம். கையால தொட்டுப் பழக காலேஜ்ல இடம் இல்லாததாலதான் பசங்க ஈசிஆர்ல போய்ப் பழகுறாங்கன்னு நான் நம்புறேன்.

ரோட்டுல ரேஸ் விடுறது மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவுல குற்றம். முதல் தடவைக்கே மூணு மாசம் வரை ஜெயில், இல்ல 5,000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும். சட்டம் கிடக்கட்டும், அந்த பால்காரப் பையனை நினைச்சுப் பாருங்க. வழி இல்லாமலும் இல்ல. இருங்காட்டுக்கோட்டை டிராக்ல பைக்குகளுக்கு தேசிய டிராக் ரேஸ் நடந்திருக்கு. ஃபார்முலா பாரத் போட்டியில மாணவர்கள் செஞ்ச காருக்கு 75 மீட்டர் ஆக்சலரேஷன் டெஸ்ட் இருக்கு. அது குட்டி டிராக் ரேஸேதான். நம்ம டிபார்ட்மெண்ட்கிட்ட நான் கேட்கிறது சின்ன விஷயம்: ஒரு பழைய பின்சக்கர வண்டி, ஒரு பிட், மாசத்துல ஒரு சனிக்கிழமை மூடின கிரவுண்ட், கூடவே ஒரு அனுபவமுள்ள மெக்கானிக்.

"எலெக்ட்ரிக் கார் வந்தாச்சு, இன்னும் லீஃப் ஸ்பிரிங்கா?"ன்னு கேட்பீங்க. மஹிந்திராவோட ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டு பக்கத்துலதான் இருக்கு. அவங்களோட பிஇ 6 காரைப் பாருங்க. மோட்டார் பின்னாடி, ஓட்டுறது பின்சக்கரம். நின்ன இடத்துலயே முழு முறுக்கும் கிடைக்கிற வண்டிக்குப் பிடிப்பு இன்னும் பெரிய கேள்வி. அங்க வேலைக்குப் போகணும்னா, இந்தக் கேள்வியைத் தெரிஞ்சுக்கிட்டுப் போறது நல்லது.

கடைசியா ஒண்ணு. சைலென்சரைக் கழட்டின அந்த அம்பாசடரை முதல் தடவை வீட்டு வாசல்ல நிறுத்தினப்போ பெரியப்பா கோபப்படல. "பறவை பயந்துடும்னு நாங்க தீபாவளிக்கே வெடி வெடிக்கிறது இல்ல. நீ எதைக் காட்ட இவ்ளோ சத்தம் போடுற?"ன்னு மட்டும் கேட்டார். அன்னைக்கு பதில் இல்ல. இப்ப இருக்கு: டயர் வழுக்கினாதான் சத்தம் வரும், பிடிச்சா வண்டி சும்மா கிளம்பிப் போயிடும்.

பழைய சைலென்சரை மறுபடி மாட்டிட்டேன். அடுத்த சனிக்கிழமை அதே களத்துல இருப்பேன். சாக்பீஸ் என்கிட்ட இருக்கு, ஸ்பேனர் செட் இருந்தா எடுத்துட்டு வாங்க.