வெளி இருந்தாத்தான் வெளிமான்!

நம்ம தருமபுரிக்கு மலை உண்டு, ஒகேனக்கல் உண்டு. கடல்தான் கிடையாது. அதான் செமஸ்டர் லீவுல நாலு பேர் சேர்ந்து, வேதாரண்யம் பக்கத்துல இருக்கிற கோடியக்கரைக்குக் கிளம்பிட்டோம்.

வனத்துறை அனுமதியோட கடலோரப் புல்வெளியில நடந்தா, தூரத்துல ஒரு கூட்டம்! "டேய், மான்டா!"னு நம்ம ஆள் பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கிட்டு ஓட, மொத்தக் கூட்டமும் எஸ்கேப்! கூட வந்த வழிகாட்டி அண்ணன் முறைச்சார் பாருங்க. "தம்பி, அசையாம உட்காருங்க. அதுவா வரும்!"

உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்துல ஒண்ணொண்ணா மேய வந்துச்சுங்க. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, முறுக்கின கொம்புன்னு ஓர் ஆண் வெளிமான் நின்ன கம்பீரம் இருக்கே... அடடா!

ஒரு மேட்டர் தெரியுமா? வெளிமான் உண்மையில மான் குடும்பமே இல்லை. ஆடு, மாடு குடும்பம். புள்ளிமானுக்குக் கொம்பு விழுந்து முளைக்கும். இதுக்கு விழவே விழாது. ஆபத்து வந்தா மணிக்குச் சுமார் 80 கி.மீ. வேகத்துல பறக்கும். ஆனா, ஆபத்து கண்ணுல படவும், ஓடவும் வெட்டவெளி வேணுமே! 1967-ல் இந்தச் சரணாலயம் உருவானதே வெளிமானுக்காகத்தான். இப்போ நம்ம ஊர் ஏரிகளை வளைச்ச அதே சீமைக்கருவேலம் அந்தப் புல்வெளியையும் வளைக்குது.

அங்கே போறீங்களா? பிஸ்கட்டை நீங்களே சாப்பிட்டுடுங்க. அதுக்குத் தேவை புல்லும் வெளியும்தான்!