அப்புவுக்குப் பெயர் இல்லையா?

கொழும்பிலுள்ள நண்பர் ஒருவர் அண்மையில் எனக்கு ஒரு விழா மலரை அனுப்பிவைத்தார். மலையகத் தோட்டத்துரைமாரின் கழகம் ஒன்றில் ஒரு காலத்தில் றக்பி ஆடி, இப்போது நரை கண்டுவிட்ட முன்னாள் வீரர்கள் கூடி நடத்திய இராப்போசன விருந்தின் மலர் அது. வழவழப்பான தாள். அணித் தலைவர்களின் பெயர்கள் ஆண்டு வாரியாக அச்சாகியுள்ளன. எவர் எந்த ஆட்டத்தில் தோளெலும்பை முறித்துக்கொண்டார், விருந்து முடிந்து எவர் மேசைமீது ஏறிப் பாடினார் என்பதெல்லாம் பிசகின்றிப் பதிவாகியிருக்கின்றன. நாற்பதாம் பக்கத்தில் ஒரு படம். வெள்ளை உடுப்பும் பித்தளைப் பொத்தானும் அணிந்த முதியவர் ஒருவர் கையில் தட்டுடன் நிற்கிறார். படத்தின் கீழே இரண்டே சொற்கள்: 'எங்கள் அப்பு'.

அந்த இரண்டு சொற்களோடுதான் எனக்கு வழக்கு.

யாழ்ப்பாணத்தில் அப்பு என்றால் பாட்டன். துரைமார் பங்களாவில் அப்பு என்றால் சமையற்காரர். முன்னது உறவு, பின்னது உத்தியோகம். தமிழராயினும் சிங்களவராயினும் அந்த உத்தியோகத்துக்கு வந்தவுடன் அவர் அப்பு ஆகிவிடுவார். மலரில் எழுபது வயது விளையாட்டு வீரர்களுக்கெல்லாம் முழுப் பெயர், பட்டப்பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர் மூன்றும் உண்டு. அவர்களுக்கு முப்பது ஆண்டுகள் சோறு பரிமாறியவருக்கு மட்டும் ஒன்றுமில்லை.

மலையகத்தில் றக்பியா என்று வியக்கும் தமிழக நண்பர்களுக்காகச் சிறிது வரலாறு. இலங்கை றக்பிச் சங்கம் 1908இல் தோன்றியது. கொழும்பும் அதன் சுற்றுப்புறமும் ஒரு பக்கம், மலைநாட்டுத் தோட்டங்கள் மறுபக்கம் என்பதே நெடுங்காலம் இந்த ஆட்டத்தின் பெரும் பிரிவினை. நானுஓயாவுக்கும் தலவாக்கலைக்கும் இடையே ரதல்லவில் திம்புள்ளக் கழகம், ஹட்டனை அடுத்த தரவளையில் டிக்கோயா மஸ்கெலியாக் கழகம், பதுளையில் ஊவாக் கழகம், தாழ்வாரத்தில் களனிவெளிக் கழகம் என்று துரைமார் தமக்கென மைதானங்களை அமைத்துக்கொண்டார்கள். 1950களிலும் இந்தக் கழகங்கள் கிளிஃபர்ட் கிண்ணத்துக்காகக் கொழும்பு அணிகளோடு மோதின. வெள்ளையர் போய்ச் சுதேச துரைமார் வந்தபோதும் மரபு அறுபடவில்லை. கொழும்பு, கண்டிப் பாடசாலைகளில் றக்பி ஆடியது தோட்டத்தில் 'சின்னத்துரை' வேலைக்கு நல்ல தகுதியாகக் கருதப்பட்டது என்பதை அந்தத் தொழிலில் இருந்தோரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார்கள்.

ஆட்டத்தைவிடப் பெரியது அதன் பின்னர் வரும் இரவு. விருந்தினர் அணி மலையேறி வரும். வீரர்களை இரண்டு மூன்று பேராகப் பங்களாக்களுக்குப் பகிர்ந்து தங்க வைப்பார்கள். சனிக்கிழமை பிற்பகல் ஆட்டம். இரவு விருந்து, பேச்சு, பாட்டு, கழுத்துப்பட்டிப் பரிமாற்றம். ஆடி ஓய்ந்தவர்கள் இந்த மரபை உலகெங்கும் வளர்த்திருக்கிறார்கள். 1979இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் முதியோருக்கான அனைத்துலக றக்பித் திருவிழாவே தொடங்கியது. அங்கே மிக மூத்தவர்கள் வேறு நிறக் காற்சட்டை அணிவார்கள். அவர்களைப் பிடித்து வீழ்த்தலாகாது. இதிலெல்லாம் எனக்கு வெறுப்பு எதுவுமில்லை. அறுபது வயதில் பழைய எதிரியின் தோளில் கைபோட்டு நிற்பவரைக் கண்டால் எவருக்கும் மகிழ்ச்சிதான்.

என் எதிர்ப்பு, அந்த மலரின் தலையங்கத்தில் வரும் ஒரு கூற்றுக்கு. அது 'பணம் கருதாத, வகுப்பு வேற்றுமை அறியாத, தூய அமெச்சூர் மரபு' என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்கிறது.

இந்தத் 'தூய' என்ற சொல்லைச் சற்றே உரசிப் பார்ப்போம். 1895ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் திகதி, வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரிலுள்ள ஜோர்ஜ் ஹோட்டலில் றக்பி இரண்டாகப் பிளந்தது. 22 கழகங்கள் வெளியேறித் தனிச் சங்கம் கண்டன. காரணம் என்ன? சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலியை இழந்தார்கள். இழந்த கூலியை ஈடுசெய்யுங்கள் என்று அக்கழகங்கள் கேட்டன. அது ஆட்டத்தின் தூய்மையைக் கெடுக்கும் என்றார்கள் இலண்டன் கனவான்கள். அவர்களுக்குக் கூலி வெட்டு என்றால் என்னவென்றே தெரியாது. ஆக, அமெச்சூர் என்பவன் யார்? விளையாடப் போனால் வீட்டில் உலை ஏறாது என்ற அச்சம் இல்லாதவன். நூறு ஆண்டுகள் கழித்து, 1995இல், அனைத்துலக றக்பி நிர்வாகம் தானே அந்தத் தூய்மையைக் கைவிட்டுப் பணத்துக்கு வழி திறந்தது. விருந்துப் பேச்சாளர்கள் மட்டும் இன்னும் கைவிடவில்லை.

இதனைத் தோட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்பது வழக்கு. செக்றோலில் பெயர் விழுந்தால்தான் கூலி. குறித்த இறாத்தல் கொழுந்து நிறையாவிட்டால் 'அரைப் பேர்'. அரைப் பேருக்கு அஞ்சி வாழ்ந்த மக்களை நான்கு புறமும் வைத்துக்கொண்டு, நடுவே ஒரு பச்சைத் தரையில் பணம் கருதாத ஆட்டம் நடந்தது! தென் வேல்ஸில் சுரங்கத் தொழிலாளியும் வைத்தியரும் ஒரே அணியில் ஆடினார்கள். எங்கள் மலையிலோ தொழிலாளி கோட்டைக்கூடக் கடக்கவில்லை. அவன் வேலியோரம் நின்று பந்து பொறுக்கிக் கொடுத்தான்.

நான் கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை. என் தந்தையார் அத்தகைய கழகம் ஒன்றின் சமையற்கட்டில் கையாளாக இருந்தவர். எந்தக் கழகம் என்பது இங்கே தேவையில்லை. றக்பிப் பருவம் தென்மேல் பருவமழையோடு வரும். ஈர விறகு எரியாது. சேறு பூசி வரும் முப்பது பேருக்கு வெந்நீர் வைக்க வேண்டும், பிறகு விருந்து, பாட்டு ஓயும்வரை பரிமாற வேண்டும். ஞாயிறு விடியும் நேரம் அவர் லயத்துக்கு வருவார். நனைந்த சாக்கை உதறி வாசலில் போட்டுவிட்டு, அம்மா எழும்பாதபடி அடுப்படியில் படுத்துக்கொள்வார். விருந்து நாள்களில் மலையிலிருந்து மேலதிகமாக நாலைந்து பேரைக் கூப்பிடுவார்கள். பகலுக்கு அவர்களுக்குப் பேர் விழும். இரவுக்கு விழாது. மீந்த இறைச்சிதான் இரவுக் கூலி. ஒருமுறை அப்பாவிடம் கேட்டேன்: "ராத்திரிக்கு ஏம்ப்பா பேர் போட மாட்டாங்க?" "அது வெளயாட்டுடா, வேலை இல்ல" என்றார். அவர் கேலியாகச் சொன்னாரா, மெய்யாகவே நம்பினாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

விருந்து மேசையில் காலம் எப்போதும் பொற்காலம்தான். 1950ஆம் ஆண்டை மலர் தனியே கொண்டாடுகிறது. அவ்வாண்டு செப்டெம்பரில், நியூசிலாந்து, அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தை முடித்துத் திரும்பும் வழியில் பிரிட்டிஷ் தீவுகள் அணி கொழும்பில் இறங்கி இலங்கையை 44-6 என்று வென்றது. உண்மை, பெருமைப்படத்தக்க நிகழ்ச்சிதான். அதே 1950இல் ரதல்லவைச் சூழ்ந்த லயங்களில் என்ன நிலைமை? 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். தலவாக்கலைக்கு எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை உறுப்பினர். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் அந்த எழுவரின் இடத்தில் ஒருவரும் இல்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எங்களைப் பங்கிட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். நாடற்றோர் கதை சட்டப்படி முடிய 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே மலை, ஒரே மழை, ஒரே ஆண்டுகள். மலரிலோ இவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை.

"விளையாட்டு மலரில் அரசியல் எதற்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அரசியல் வேண்டாம், ஒரு பெயர் போதும் என்பதே என் பதில். அப்புவின் பெயரை எழுதுவது அரசியல் என்றால், எழுதாமல் விட்டதும் அரசியல்தான்.

"அவர்களை நாங்கள் குடும்பத்தினர் போல நடத்தினோம்" என்பது மற்றொரு மறுமொழி. சிலர் அப்படி நடத்தியிருப்பார்கள். நல்ல துரைமாரை எங்கள் மக்கள் மறப்பதில்லை. பிள்ளைகளின் பள்ளிப் படிப்புக்கு உதவியவர்களின் பெயர்களை என் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தத் துரைமாரின் பெயர்கள் தெரியும். அவர்களுக்கு அவர் பெயர் தெரியுமா?

நம்மவர்மீதும் எனக்குக் குறை உண்டு. லயத்திலிருந்து படித்து மேலே வந்த நாங்கள், நுவரெலியாவில் 1876இல் நிறுவப்பட்ட ஹில் கிளப்பில் இரவு உணவுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டாயம் என்றால், மகிழ்ச்சியோடு கட்டிக்கொண்டு போகிறோம். சுதந்திரத்துக்குப் பின்னும் பல ஆண்டுகள் சுதேசிகளைச் சேர்க்காத வாசல் அது என்பதை மறந்து, படம் எடுத்துக்கொள்கிறோம். நானும் போயிருக்கிறேன். பரிமாறியவர் என்னிடம் குனிந்து, "சேர் எந்தத் தோட்டம்?" என்று தமிழில் கேட்டார். நான் ஊரைச் சொன்னேன்; அவர் பெயரைக் கேட்கவில்லை. ஆகவே இந்த வழக்கில் நானும் ஓர் எதிரியே.

இனி, ஏசியது போதும். கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

முதலாவது, கழகச் சுவர்களில் அணித் தலைவர்களின் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வேண்டும். சமைத்தவர், பரிமாறியவர், புல் வெட்டியவர், கோடு போட்டவர் ஆகியோரின் பெயர்கள் அதில் ஏற வேண்டும். நினைவுள்ள முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பத்தாண்டு போனால் கேட்க ஆளிராது.

இரண்டாவது, இதுவே பெரியது. மலையகத்தில் பொன்னைவிட அரியது சமதரை. எங்கள் பிள்ளைகள் சாலை வளைவிலும் பிரட்டுக்களத்திலும் மட்டை பிடிக்கிறார்கள். பந்து பள்ளத்தில் உருண்டால் ஆட்டம் முடிந்தது. அவர்களுடைய முன்னோரின் மண்வெட்டி நிரவிய மைதானங்கள் வாரத்தில் பல நாள் வெறுமையாகக் கிடக்கின்றன. வாரத்துக்கு இரண்டு மாலைகள் அவற்றைத் தோட்டப் பாடசாலைகளுக்குத் திறந்துவிடுங்கள். முன்னாள் வீரர்களே, உங்களுக்கு நேரமும் உண்டு, ஆட்டமும் தெரியும். அடுத்த சுற்றுப்பயணத்தில் ஒரு முற்பகலை ஒதுக்கி அந்தப் பிள்ளைகளுக்குப் பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். ஒரு கழகம் ஏற்கெனவே இதைச் செய்கிறது என்றால் மற்றவை அதனைப் பின்பற்றட்டும்.

மூன்றாவது, விருந்துக்கு இரவுப் பணி செய்வோருக்கு இரவுக் கூலியை எழுத்தில் கொடுங்கள். நாட் சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு 2021 வரையும், 1,350 ஆவதற்கு 2024 வரையும் போராடிய மக்கள் அவர்கள். மீந்த இறைச்சியைக் கூலியாகக் கொள்ளும் காலம் போய்விட்டது.

றக்பி ஒழிக என்று நான் எழுதவில்லை. விருந்து நடக்கட்டும்; பாட்டும் நடக்கட்டும். அடுத்த மலர் அச்சேறும் முன் யாரேனும் ஒருவர் சமையற்கட்டுக்குள் போய், "ஐயா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, பிழையின்றி எழுதிக்கொண்டு வரட்டும். அதற்கு ஒரு நிமிடம் போதும்.