மூன்று முறை கேட்டது யார்?

"குடிவரவுத் துறை மறுத்தது, மறுஆய்வில் மறுத்தார்கள், நீதிமன்றமும் கைவிரித்தது. மூன்று முறை பொய்யென்று ஆனபிறகும் ஏன் ஆஸ்திரேலியாவை விட்டுப் போகமாட்டோம் என்கிறார்கள்?" என்று அகதி அந்தஸ்துக் கேட்டவர்களைப் பற்றிக் கேட்கிறார் ஒரு கட்டுரையாளர். எண்ணிக்கை சரி. ஆனால் மூன்று இடத்திலும் ஒரே விசாரணை நடந்ததாக நினைத்துக்கொள்கிறாரே, அங்கேதான் சறுக்கல்.

2012 ஆகஸ்ட் 13 முதல் 2013 இறுதிவரை படகில் வந்தவர்களை (ஈழத்தமிழர் பலரும் இதில் அடக்கம்) 'விரைவுத் தடம்' என்ற ஏற்பாட்டில் தள்ளினார்கள். அவர்களின் மறுஆய்வுக்கென்று 2015இல் வந்த குடிவரவு மதிப்பீட்டு ஆணையம் பொதுவாக ஆளைக் கூப்பிட்டுப் பேசவில்லை. துறை அனுப்பிய கோப்பைப் படித்தது, அவ்வளவுதான். விண்ணப்பதாரர் எழுதித்தரும் வாதம் ஐந்து பக்கத்தைத் தாண்டக்கூடாது என்றிருந்தது. புதிய ஆதாரம் கொடுக்க விதிவிலக்கான சூழ்நிலை என்று காட்டவேண்டியிருந்தது. துறையின் முதல் நேர்காணலில், முன்பின் தெரியாத மொழிபெயர்ப்பாளர் முன்னால் ஒரு பெண் வாய்திறக்காத வன்கொடுமையைப் பிறகு சொன்னால், "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்விதான் முதலில் வந்தது.

நீதிமன்றமோ முடிவில் சட்டப்பிழை உண்டா என்று மட்டும் பார்க்கும். திரும்பிப்போனால் ஆபத்து என்ற விண்ணப்பதாரரின் அச்சம் உண்மையா என்று தீர்மானிப்பது அதன் வேலையே இல்லை. ஆக, பெரும்பாலும் ஆளை எதிரே உட்காரவைத்துக் கேட்டது, மறுத்த அதே துறை மட்டும்.

பொய் சொல்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்கவும் நேரில் விசாரித்துத்தானே ஆகவேண்டும்?

2024 அக்டோபர் 14 அன்று ஆஸ்திரேலியாவே அந்த ஆணையத்தை மூடிவிட்டது. அது ஏற்கெனவே மறுத்து முடித்த கோப்புகள் அதனால் தானாகத் திறந்துவிடவில்லை.