மண் சுவருக்கு டைல்ஸ் சட்டையா?

திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் மண் சுவர் வீடுகள் இன்னும் அங்கங்கே இருக்கின்றன. பனியன் கம்பெனிகளுக்கு ஆட்கள் வந்து குவிவதால் அவற்றுக்கும் வாடகைக் கிராக்கிதான். ஓட்டு வீட்டின் ஒரு மூலையைத் தடுத்து, மண் சுவரின் மேலேயே சிமெண்டைப் பூசி, பளபளவென்று டைல்ஸ் ஒட்டி, ‘உள்ளேயே பாத்ரூம்’ என்று வாடகையை உயர்த்திவிடுகிறார்கள். இது சௌகரியமல்ல, அபாயம் என்பது நம் அபிப்பிராயம்.

கொங்கு நாட்டுப் பெரியவர்கள் பொடக்காலியில் குளித்தார்கள். தண்ணீர் புழங்கும் இடம் வேறு, மண் சுவர் வேறு என்று இருந்தது. அதற்காக, ஷிப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு வரும் பெண்ணை இருட்டில் கொல்லைப்புறம் போகச் சொல்ல முடியுமா? குளியலறை வீட்டோடு சேர்ந்தே இருக்கட்டும். மண் சுவரை நம்பி இருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

“டைல்ஸ் போட்டாயிற்றே, தண்ணீர் எப்படி இறங்கும்?” என்று கேட்பீர்கள். டைல்ஸில் இறங்காது. இரண்டு டைல்ஸுக்கு நடுவே இறங்கும். குழாய்க்காகப் போட்ட ஓட்டையில் இறங்கும். சுவரும் தரையும் சேரும் மூலையில் தாராளமாக இறங்கும். மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சிமெண்டுக்கு அந்த நெளிவு சுளிவு கிடையாது, வெடித்துவிடும். வெறும் மண் சுவர் நனைந்தாலும் காற்றில் காய்ந்துகொள்ளும். டைல்ஸ் போட்ட சுவரோ? நனைந்த பனியனைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த கதைதான்.

இங்கிலாந்தில் டெவன் பகுதியில் பல நூற்றாண்டு கண்ட மண் வீடுகளில் இன்றும் குடியிருக்கிறார்கள். மண் வீட்டுக்கு நல்ல தொப்பியும் நல்ல பூட்ஸும் வேண்டும் என்பது அங்கே வழக்கு. அதாவது, அகன்ற கூரை, உயர்ந்த அடித்தளம். அங்கும் இருபதாம் நூற்றாண்டில் சிமெண்ட் பூசிய சுவர்களில் ஓதம் தங்கிச் சில இடிந்தன. இப்போது சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசுகிறார்கள்.

நம்மூருக்கு வழி இருக்கிறது. பின்வாசலை ஒட்டித் தனி அஸ்திவாரம் போட்டு நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பலாம். அதற்கும் மண் சுவருக்கும் நடுவே காற்றோட இடம் விட்டு, மேலே மழை இறங்காமல் கூரையை இழுத்துவிட வேண்டும். குழாயெல்லாம் செங்கல் சுவரிலேயே போகட்டும். டைல்ஸுக்கு அடியில் வாட்டர்ப்ரூப் பூச்சு கட்டாயம். தரையோடு நிறுத்தாமல் சுவரிலும் ஏற்றிப் பூச வேண்டும். தரைக்கு வாட்டம் சரியாக இருக்கட்டும். டைல்ஸ் ஒட்டுமுன் ஒரு நாள் முழுவதும் தண்ணீர் கட்டிவைத்துப் பார்த்துவிடுங்கள். கொத்தனார் அவசரப்படுவார்; விடாதீர்கள்.

செலவு கூடும் என்பார் வீட்டுக்காரர். கூடத்தான் செய்யும். ஆனால் அந்தச் சுவரின் மறுபக்கத்தில் பாய் விரித்துப் படுப்பது குடியிருப்பவரின் குழந்தைகள் அல்லவா?

வாடகைக்குப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்குமுன் அந்த மறுபக்கத்துச் சுவரைத் தரையோரமாக விரலால் அழுத்திப் பாருங்கள். மண் குழைந்து உள்ளே போனால், ஐப்பசி மழை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். வேறு வீடு பாருங்கள்.