ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று சொல்லிக்கொடுத்தது என் தப்பு



கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். என் வகுப்பில் நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், இதையும் கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவன் எழுதியிருந்தான்: "டீச்சர், பிள்ளைங்க இனிமே இங்கிலீஷை இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கணுமா? போன்ல போட்டா அடுத்த நிமிஷம் தமிழ்ல வந்துருது. மொழிபெயர்ப்புன்னு ஒரு வேலையே இனி கிடையாது." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நான் பார்த்தேன், சிரித்துக்கொண்டேன், பதில் எழுதவில்லை. எழுதாமல் விட்டது தப்பு என்று மூன்றே நாளில் தெரிந்துபோயிற்று.

எங்கள் அடுத்த தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். அவர் வீட்டு அண்ணனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். பார்க்கப் போனேன். அண்ணனுக்கு உடம்பு கொதிக்கிறது. "எத்தனை நாளா இப்படி?" என்றேன். "மூணு நாளா டீச்சர். தையல் போட்ட இடத்துல ஈரமாவே இருக்கு. அதுவா காஞ்சிரும்னு நினைச்சேன்" என்றார். ஆஸ்பத்திரியில் எதுவும் எழுதித் தரவில்லையா என்று கேட்டதற்கு, பைலைத் திறந்து ஒரு தாளை நீட்டினார். தமிழ்த் தாள்தான். அதில் இருந்த இரண்டு வரியை அப்படியே தருகிறேன்:

"ஆடை தினமும் மாற்றப்பட வேண்டும். வெளியேற்றம் இருந்தால் உடனடியாக அறிக்கை செய்யவும்."

அக்கா சொன்னார்: "தினமும் வேட்டிய மாத்தி விட்டுட்டுத்தான் இருக்கேன் டீச்சர். வெளியேத்தம்னா டிஸ்சார்ஜ்தானே, அது அன்னைக்கே ஆயாச்சுல்லா. ரிப்போர்ட் எல்லாம் பத்திரமா இந்த பைல்லயே இருக்கு."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அந்த அக்கா ஒரு தப்பும் செய்யவில்லை. தாளில் எழுதியிருந்ததை ஒரு வரி விடாமல் செய்திருக்கிறார்.

அந்த இரண்டு வரியின் ஆங்கிலம் என்னவாக இருந்திருக்கும் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். டிரஸ்ஸிங் என்றால் உடுத்துவதும் உண்டு, புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் உண்டு. டிஸ்சார்ஜ் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புவதும் உண்டு, புண்ணிலிருந்து வடிவதும் உண்டு. ரிப்போர்ட் என்றால் அறிக்கையும் உண்டு, நேரில் வந்து நிற்பதும் உண்டு. இரண்டு வரியில் மூன்று சொல், மூன்றுக்கும் வேறு பொருள் போட்டாகிவிட்டது. "கட்டைத் தினமும் பிரித்து மாற்றுங்கள். தையலில் சலம் வைத்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்" என்று எழுதியிருந்தால் மூன்று நாள் வீணாகியிருக்காது. அகராதியைத் திறந்தால் சலம் என்பதற்கு நீர் என்று போட்டிருக்கும். நம்மூரில் தையல் போட்ட இடத்தில் சலம் வைத்துவிட்டது என்றால் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் விஷயம் விளங்கும்.

அன்று மதியமே ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இப்போது அண்ணன் தேறிவிட்டார். அதனால்தான் என்னால் இதை நிதானமாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

இப்போது எல்லாரும் போனைத் திட்டுவீர்கள். திட்டுவதற்கு முன்னால் என்னைத் திட்டுங்கள். போன் வருவதற்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவள் நான்தான். தினம் பத்துச் சொல், பக்கத்தில் பத்துப் பொருள், நடுவில் சமக்குறி. பேங்க் சமம் வங்கி. ரூட் சமம் வேர். டேபிள் சமம் மேசை. ஒப்பிக்காதவனை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். உங்களில் பலர் ஏறி நின்றவர்கள்தான்.

ஒருமுறை ஆறாம் வகுப்பில் ஒரு பையன், பதின்மூன்றாம் டேபிள் எழுது என்ற ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் "பதின்மூன்றாம் மேசையை எழுதுக" என்று மாற்றியிருந்தான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து, சிவப்பு மையால் சுழித்துவிட்டு நகர்ந்தேன். அவன் நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதியிருந்தான். சிவப்புச் சுழி என் பெயருக்குப் பக்கத்தில் விழுந்திருக்க வேண்டும். அந்தப் பையன் இதைப் படித்தால், இத்தனை வருஷம் கழித்து டீச்சர் மன்னிப்புக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

டேபிள் என்பதற்கு நமக்கு மூன்று சொல் உண்டு. உட்கார்ந்து எழுதினால் மேசை. கட்டம் போட்டு விவரம் எழுதினால் அட்டவணை. பெருக்கல் என்றால் வாய்ப்பாடு. இதில் மேசை நம் சொல்லே அல்ல. ஜன்னல், சாவி, அலமாரி மாதிரி போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. அந்தப் போர்த்துகீசிய மொழியிலும் இதே சங்கதிதான். மரச்சாமான் என்றால் மேசா, விவரக் கட்டம் என்றால் தபெலா, பெருக்கல் வாய்ப்பாடு என்றால் தபுவாதா. ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்து ஓட்டும் இடத்தில் அவர்களும் மூன்று வைத்திருக்கிறார்கள், நாமும் மூன்று வைத்திருக்கிறோம்.

பிரேசில் துறைமுகங்களுக்குப் போய்வரும் கப்பலில் வேலை பார்க்கும் நம் மாணவன் ஒருவன் இன்னொன்று சொன்னான். ஆங்கிலத்தில் கார்னர் என்று ஒரே சொல். போர்த்துகீசியத்தில் அறைக்குள் இருக்கும் மூலைக்கு காந்து, தெரு திரும்பும் இடத்துக்கு எஸ்கினா. "நம்ம ஊரு மாதிரியே டீச்சர், வீட்டு மூலை, தெரு முக்கு" என்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதே காந்து பாட்டையும் குறிக்குமாம். நோ என்ற ஆங்கிலச் சொல்லை அவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். செய்தி தெரிந்தால் ஒரு வினை, ஆளைத் தெரிந்தால் வேறு வினை. நாம் இரண்டுக்கும் "தெரியும்" என்று ஒன்றையே சொல்லிப் போய்விடுகிறோம். காத்திருப்பதும் நல்லது நடக்கும் என்று நம்பியிருப்பதும் அவர்களுக்கு ஒரே சொல். ஒவ்வொரு மொழியும் உலகத்தைத் தன் வசதிக்கு வெட்டி வைத்திருக்கிறது. ஒன்றின் துண்டு இன்னொன்றின் துண்டோடு அப்படியே பொருந்தாது. சமக்குறி போட்ட என் பத்துச் சொல் பட்டியல் இங்கேதான் பொய்யாகிறது.

ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் செட் என்ற மூன்றெழுத்து வினைச்சொல்லுக்கு மட்டும் 400-க்கும் மேற்பட்ட பொருள்கள் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நம் பாடநூல் எழுதியவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். பவர் என்பதைக் கணக்குப் புத்தகத்தில் அடுக்கு என்றார்கள், இயற்பியலில் திறன் என்றார்கள். ஸ்கொயரை வடிவியலில் சதுரம் என்றார்கள், எண்ணில் வர்க்கம் என்றார்கள். பேஸ் என்பது முக்கோணத்தில் அடிப்பக்கம், வேதியியலில் காரம். யாரோ உட்கார்ந்து, "இதைப் படிக்கும் பிள்ளை இந்த இடத்தில் என்ன புரிந்துகொள்வான்?" என்று யோசித்துச் செய்த வேலை அது. அந்த யோசனைதான் மொழிபெயர்ப்பு.

இதில் நம் கரைக்கே ஒரு பழைய பாடம் இருக்கிறது. கோட்டாற்றில் ஆண்டுதோறும் திருவிழா எடுக்கிறோமே, அந்தப் புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்துப் பல நாள் பாடுபட்டு ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி ஒப்பிக்க வைத்தார். கிட்டத்தட்ட என் வகுப்பு மாதிரிதான்.

பிறகுதான் ஒரு சொல் இடறுவது அவருக்குத் தெரிந்தது. "நான் கடவுளை நம்புகிறேன்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "எனக்கு வேணும்" என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1544-இல் தம் உதவியாளர் மன்சிலாஸுக்குக் கடிதம் எழுதினார்: வேணும் என்பதை எடுத்துவிடுங்கள், அது ஆசைப்படுவதைக் குறிக்கிறது, விசுவாசம் என்ற சொல்லைப் போடுங்கள். அதே கடிதத்தில் இன்னொரு திருத்தமும் உண்டு. கிறிஸ்து பாடுபட்டதைச் சொல்லும் இடத்தில் "வன்பினாலே" என்று இருந்தது. அவர் பலவந்தத்தால் அல்ல, தாமாக விரும்பி ஏற்றுக்கொண்டவர், ஆகவே அதையும் சொல்லாதீர்கள் என்றார். போர்த்துகீசியத்தில் நம்புகிறேன் என்பது க்ரேயு, வேண்டும் என்பது கேரு. காதில் விழுந்ததில் முதல் குழப்பம் வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, இதில் எனக்குப் பிடித்தது ஒன்று. ஊர் ஊராகப் பரப்பிவிட்ட சொல்லை, "நாங்கள் சொல்லிக்கொடுத்தது தப்பு, மாற்றுங்கள்" என்று எழுத அவருக்கு மனம் வந்தது. கேட்டவர்களுக்கு என்ன விளங்கியது என்று விசாரிக்காமல் அது தெரிந்திருக்காது. அவருக்குப் பின் வந்த ஹென்றிக்கஸ் பாதிரியார் தமிழை முறையாகக் கற்று, அதற்குப் போர்த்துகீசியத்தில் இலக்கணமே எழுதினார். அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் நமக்குப் பக்கத்துக் கொல்லத்தில் அச்சானது. புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி, 16,000-க்கும் மேற்பட்ட சொற்களோடு, 1679-இல் அம்பலக்காட்டில் வந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அந்த ஜெபத்திலிருந்து இந்த அகராதிக்கு 137 வருஷம். அடுத்த நிமிஷம் வந்துவிடுகிறது என்று சொன்ன பிள்ளை இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

"டீச்சர், இப்போ போன் முன்னாடி மாதிரி இல்லை, சுற்றியுள்ள வாக்கியத்தைப் பார்த்துப் பொருள் பிரிக்குது" என்று யாராவது சொல்வீர்கள். உண்மைதான். நானே போட்டுப் பார்த்தேன். ஆற்றின் பேங்க் என்றால் கரை என்கிறது, பேங்கில் கடன் என்றால் வங்கி என்கிறது. முழு வாக்கியம் கொடுத்தால் பல நேரம் சரியாகவே சொல்கிறது. நானும் பயன்படுத்துகிறேன், பயன்படுத்தாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரித் தாள்களில் முழு வாக்கியம் எங்கே இருக்கிறது? எல்லாம் தந்தி மொழி. நாலு சொல்லை வைத்துக்கொண்டு எது எந்தப் பொருள் என்று எதைப் பார்த்துப் பிரிப்பது?

அதைவிடப் பெரிய விஷயம், பொறுப்பு. மெஷின் தப்பாகச் சொன்னதால் மட்டும் அண்ணனுக்குக் காய்ச்சல் வரவில்லை. வந்த தமிழை ஒருவரும் படித்துப் பார்க்காமல் அச்செடுத்துக் கையில் கொடுத்தார்கள், அதனால் வந்தது. படித்திருந்தால், "ஆடையை மாற்றச் சொல்ல டாக்டர் எதற்கு?" என்று கேட்கத் தோன்றியிருக்கும். சவேரியார் கடிதம் எழுதித் திருத்தினார். இந்தத் தாளைத் திருத்த யார் அந்த அக்கா வீட்டு வாசலுக்கு வரப்போகிறார்கள்?

தமிழிலிருந்து தமிழுக்கே நமக்கு இந்தக் கவனம் வேண்டியிருக்கிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் "கொஞ்சம் வெள்ளம் தாங்க" என்றால் குடிக்கத் தண்ணீர். அதையே மதுரையில் கேட்டால் மழை வெள்ளமா என்று பார்ப்பார்கள். நமக்குச் சக்கை என்றால் பலாப்பழம், வெளியூரில் சாறு பிழிந்தபின் மிஞ்சுவது. ஒரே ஜில்லாவுக்குள் ஆள் பார்த்து, இடம் பார்த்துச் சொல்லை மாற்றத் தெரிந்த நாம், ஒரு வேற்றுமொழித் தாள் என்றதும் அந்தப் புத்தியைக் கழற்றி வைத்துவிடுவது ஏன்?

கடைசியாக, டீச்சராகக் கொஞ்சம் வீட்டுப்பாடம் கொடுக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக, மருந்தாளுநராக இருக்கும் பிள்ளைகளே, தாளைக் கொடுத்துவிட்டு, "வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "வேட்டியை மாத்துவேன்" என்று பதில் வந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

வங்கியிலும் பதிவு அலுவலகத்திலும் இருப்பவர்களே, நம் பழைய பத்திரங்களில் "எழுதிக் கொடுப்பவர்", "எழுதி வாங்குபவர்" என்று எவ்வளவு தெளிவாக இருந்தது! ஆங்கிலத்தில் பத்திரத்தை நிறைவேற்றுவதற்கும் மரண தண்டனையை நிறைவேற்றுவதற்கும் ஒரே சொல். மெஷினிடம் கொடுக்குமுன் பழைய பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள்.

டீச்சர்களாக இருப்பவர்களே, என் பாவத்தைத் தொடராதீர்கள். சொல்லை மட்டும் தனியாக எழுதிப்போடாமல் இரண்டு மூன்று வாக்கியத்தில் வைத்துக் கொடுங்கள். பொருளைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

மற்ற எல்லாரும், உடம்பு, நிலம், பணம் இந்த மூன்றையும் தொடும் எந்தத் தாளானாலும், மொழிபெயர்ப்பை வாய்விட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். காதுக்குக் கோணலாகப் பட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

குழுவில் எழுதிய அந்தப் பிள்ளைக்கும் என் பதில் இதுதான் மக்களே. போன் சொல்லைக் கொண்டுவந்து தரும். அந்த அக்கா காதில் அது என்னவாக விழும் என்று தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். அதற்குத்தான் இரண்டு மொழியையும் படிக்கச் சொன்னேன், இன்னும் சொல்கிறேன்.

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். புதுத் தாள் ஒன்று கொடுத்திருந்தார்கள். "டீச்சர், இதை நீங்க ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். வாசித்துச் சொன்னேன். பிறகு அவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒரு வரியை நானே தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டோம்.

இந்தப் பதிவில் பிழை இருந்தால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள். பெஞ்சு மேல் ஏற வயசு இல்லை. திருத்திக்கொள்கிறேன்.