சூடு போட்டால் நடுக்கம் நிற்குமா?

1689-ஆம் வருஷம் ஜப்பானியக் கவிஞர் பாஷோ வடதிசை நோக்கி நெடும் பயணம் கிளம்பினார். பெரும்பாலும் கால்நடைதான். கிளம்புமுன் மூன்று காரியங்கள் செய்தார். கிழிந்த கால்சட்டையைத் தைத்துக்கொண்டார். தொப்பிக்குப் புது நாடா கட்டினார். முழங்காலுக்குக் கீழே சூடு போட்டுக்கொண்டார்!

சூடு என்றதும் பழுக்கக் காய்ச்சிய கம்பியை நினைத்துப் பயந்துவிடாதீர்கள். நம் மாசிபத்திரிக்கு உறவான ஒரு செடியின் இலையை உலர்த்தி, இடித்து, பஞ்சாக்குகிறார்கள். ஜப்பானில் அதற்கு 'மொகுசா' என்று பெயர். அதை அரிசியளவு உருட்டித் தோலின்மேல் வைத்துக் கொளுத்துவார்கள். அல்லது நடுவில் இஞ்சி வில்லையொன்றை வைப்பார்கள். சுருட்டுப்போல் சுற்றி, தோலில் படாமல் அனல் காட்டுவதும் உண்டு. சீனர்கள் ஊசி வைத்தியத்தையும் இதையும் சேர்த்து ஒரே பெயரால் அழைக்கிறார்கள்.

இந்தச் சூட்டைப் பார்க்கின்ஸன் நோய்க்கும் அங்கே போடுகிறார்கள். கை நடுங்கும், உடம்பு விறைக்கும், நடை தளரும், கையெழுத்துக்கூடச் சிறுத்துப் போகும். 1817-ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் ஆறு பேரைக் கவனித்து இதைப் பற்றி எழுதினார். கழுத்தில் ரத்தம் எடுத்துவிட்டு, அங்கே கொப்புளம் எழுப்பலாம் என்பது அவர் சொன்ன யோசனை! பாவம், மூளையில் டோபமீன் என்ற பொருளை உண்டாக்கும் உயிரணுக்கள் அழிவதுதான் காரணம் என்று அவர் காலத்தில் யாருக்குத் தெரியும்?

அப்படியானால், சூடு போட்டுக்கொண்டு, "விறைப்பு விட்டது, நன்றாகத் தூங்கினேன்" என்று சொல்பவர் பொய் சொல்கிறாரா? இல்லை. 2001-ல் கனடாவின் வான்கூவரில் ஒரு சோதனையின் முடிவு வெளியாயிற்று. மருந்தா, வெறும் உப்பு நீரா என்று சொல்லாமல் இந்த நோயாளிகளுக்கு ஊசி போட்டு, மூளையைப் படம் பிடித்தார்கள். உப்பு நீர் ஏறியபோதும் மூளை டோபமீனைச் சுரந்தது! குணமாகும் என்ற எதிர்பார்ப்புக்கே அத்தனை சக்தி. இதமான வெதுவெதுப்பும், பக்கத்தில் உட்கார்ந்து பரிவோடு கவனிக்கும் ஒரு மனிதரும் சேர்ந்தால் சுகம் தெரிவதில் அதிசயம் என்ன?

ஆனால் சுகம் வேறு, குணம் வேறு. சூடு இந்த வியாதியைத் தடுத்து நிறுத்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இன்றுவரை லெவோடோபா மாத்திரைதான் பெரிய துணை; அது மூளைக்குள் போய் டோபமீனாக மாறுகிறது. "இப்போதுதான் தேவலையே" என்று அதைத் திடீரென்று நிறுத்தினால், கடுங்காய்ச்சலும் விறைப்பும் கண்டு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நடுங்கும் உடம்பின் அருகில் தணலைக் கொண்டு போனால் தோல் வெந்துவிடும் பயமும் இருக்கிறது.

ஆகவே, வீட்டுப் பெரியவர் சூட்டு வைத்தியத்துக்கு ஆசைப்பட்டால் முதலில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரை வேளை தவறாமல் நடக்கட்டும். பாஷோவும் காலுக்குச் சூடு போட்டாயிற்றே என்று கால்சட்டையைத் தைக்காமல் விட்டுவிடவில்லை, பாருங்கள்!