பலகை கருகவில்லை, நான்தான் பிடித்து வைத்திருந்தேன்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் இணைப்பாட நடவடிக்கையின்போது ஒரு மாணவர்மீது வீண்பழி சுமத்தினேன். அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

உயர்நிலை மூன்றில் படிக்கும் அந்த மாணவர், செடித்தொட்டியின் மண் ஈரத்தை அளக்க ஆர்டுயினோ பலகை ஒன்றை லினக்ஸ் மடிக்கணினியுடன் இணைத்திருந்தார். அளவீடுகளைப் பதிவு செய்ய அவர் எழுதிய பைத்தான் நிரல் ஓட மறுத்தது. சாதனம் பயன்பாட்டில் உள்ளது என்ற பொருளில் திரையில் ஒரு வரி வந்தது. அதை நான் சரியாகப் படிக்கவில்லை. "கம்பியை மாற்றிச் செருகிப் பலகையைக் கருக்கிவிட்டாயா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். அவர் தலைகுனிந்து நின்றார்.

வேறு பலகை தேடி அலமாரியைக் கிளறிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி மெதுவாகச் சொன்னார்: "சார், நீங்க பாடம் காட்டத் திறந்த சீரியல் மானிட்டரை இன்னும் மூடலையே." சன்னலை மூடினேன். நிரல் உடனே ஓடியது.

சீரியல் போர்ட் என்பது தகவலை ஒவ்வொரு பிட்டாக வரிசையில் அனுப்பும் வழி. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் அது ஒரு கோப்பைப் போலத் தோன்றும். அதைத் திறக்கும் நிரல், 'எனக்கு மட்டும்' என்று கேட்டுப் பெறலாம். பிறகு அதைத் திறக்க முயலும் சாதாரணப் பயனரின் நிரலுக்குப் பிழை எண் 16 கிடைக்கும். அப்படியொரு கோப்பே இல்லையென்றால் லினக்ஸ் தரும் எண் 2. அனுமதி இல்லையென்றால் 13. மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. அன்று வந்தது 16. போர்ட் இருக்கிறது, வேறொருவர் பிடித்திருக்கிறார் என்றே கணினி சொன்னது. பலகை கருகியது என்று அது சொல்லவே இல்லை.

பிடித்திருப்பவர் யார் என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு. 'ஃபியூசர்', 'எல்எஸ்ஓஎஃப்' ஆகிய கட்டளைகள் அந்தப் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கும் நிரலின் எண்ணைக் காட்டும். சில சமயம் நாம் திறக்காத நிரலும் காரணமாக இருக்கும். 'மோடம்மேனேஜர்' என்ற பின்னணிச் சேவை, புதிதாகச் செருகிய சாதனம் மோடமா என்று சோதிக்கச் சில விநாடிகள் அதைப் பிடித்துக்கொள்வதுண்டு.

சில நிரல்கள் பூட்டுக் கோப்பு ஒன்றை எழுதி வைக்கும். உணவங்காடியில் மேசைமீது டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிப்பது போலத்தான். நிரல் பாதியில் முறிந்தால் ஆள் போன பிறகும் பொட்டலம் அங்கேயே கிடக்கும். கோப்பில் உள்ள எண்ணுக்குரிய நிரல் இன்னும் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே அதை அழிக்க வேண்டும்.

இந்தத் தடையே இல்லாவிட்டால் நல்லதுதானே என்று தோன்றலாம். 'எனக்கு மட்டும்' என்று கேட்காத இரண்டு நிரல்கள் ஒரே போர்ட்டைப் படித்தால், வரும் எழுத்துகள் ஆளுக்குச் சிலவாகச் சிதறும். பிழைச் செய்தி எதுவும் வராமலும் போகலாம். மாணவர் அந்தத் தவறான அளவீடுகளை வைத்தே வரைபடம் வரைந்துவிடுவார்.

கணினியை அணைத்து மீண்டும் இயக்கினால் போதுமே என்பார்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் காரணமும் அதோடு மறைந்துவிடும். அன்று நான் அப்படிச் செய்திருந்தால், குற்றவாளி நான் என்பது எனக்கே தெரியாமல் போயிருக்கும். பழி அந்த மாணவர்மீதே நின்றிருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் சரியான விடைக்கு மதிப்பெண் தருகிறோம். பழுதைக் கண்டுபிடித்த வழிக்கும் தரவேண்டும் என்பது என் கருத்து. செய்தி என்ன சொன்னது, எதைச் சந்தேகித்தேன், எப்படிச் சோதித்தேன் என்று மாணவர்கள் மூன்று வரி எழுதட்டும். வேலை செய்யாத கருவியிலிருந்தும் அறிவியல் கற்கலாம்.

அடுத்த வாரம் அதே மாணவர்கள் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றார். அன்று முதல் நான் பாடம் காட்டி முடித்ததும் சன்னலை மூடினேனா என்று அவர்தான் சரிபார்க்கிறார்.